கர்லாவைப் பிடித்து நின்றால் கீழ் பிரஷர் ஏறுகிறது, ஓடினால் ஏறவில்லை. ஏன்?

கதிர்_காசிமேடு

வணக்கம். ராயபுரத்தில் மாடியில் இருக்கிற ஒரு சின்ன ஜிம்முக்குப் போகிறேன். டிரெட்மில் ஒன்றுதான் உண்டு. மற்றபடி கர்லாக்கட்டை, இரும்பு, மணல் மூட்டை. மாஸ்டர் புதிதாக டிஜிட்டல் பி.பி. மிஷின் வாங்கி வைத்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அதுதான் விளையாட்டு.

டிரெட்மில்லில் நன்றாக ஓடி, இறங்கி உட்கார்ந்து பார்த்தால் மேல் எண் 150 பக்கம், கீழ் எண் 75. பெரிய கர்லாவை வலது கையில் நீட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் 165, கீழ் எண் 105. ஓடியதில்தான் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை, நாக்கு தள்ளுகிறது. கர்லா பிடித்ததில் மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. பிறகு ஏன் இதில் பிரஷர் ஏறுகிறது?

மாஸ்டர் சொல்வது, "மூளை நரம்பு வழியா கைக்கு ரத்தத்தைத் திறந்து விடுது, அதான்." சரியா? அப்பா விசைப்படகிலிருந்து மீன் கூடை இறக்குகிற வேலை செய்கிறார், பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறார். அதனாலும் கேட்கிறேன்.

வியாசை_விங்பேக்

மாஸ்டர் சொன்னது சரிதான். முல்லை நகர் மைதானத்தில் மேட்சுக்கு நிற்கும்போது பாருங்கள், ரெஃப்ரி விசிலை வாயில் வைக்கும்போதே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடும். கால் இன்னும் ஓடவே இல்லை! மூளைதான் முன்கூட்டியே காலுக்குக் குழாயைத் திறக்கிறது, வயிற்றுக்கு மூடுகிறது. பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறதே.

பழைய_லேப்காரன்

மருத்துவக் கல்லூரி ஃபிசியாலஜி லேபில் பல வருடம் கருவிகளோடு குடித்தனம் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கதிர் தம்பி, முதலில் மிஷினைப் பற்றி. ஓடி முடித்து உட்கார்ந்து பார்ப்பது ஓடும்போது இருந்த பிரஷர் இல்லை. கால் நின்ற கொஞ்ச நேரத்திலேயே மேல் எண் மடமடவென்று இறங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தால் ஆரோக்கியமான ஆளுக்கும் 180, 200 என்று காட்டும். ஆனால் கீழ் எண் அப்போதும் பெரிதாக ஏறாது, சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். விஷயம் முழுக்க அந்தக் கீழ் எண்ணில்தான் இருக்கிறது, அதை விடாதே.

அடுத்து மாஸ்டர். வயிற்றிலும் சிறுநீரகத்திலும் நரம்பு குழாயை இறுக்குகிறது என்பது உண்மை. தசைக்குத் திறந்து விடுகிறது என்பதில்தான் சிக்கல். நுண்தமனிச் சுவரில் வந்து முடிகிற பரிவு நரம்பு (தானாக இயங்குகிற 'சிம்பதெடிக்' நரம்பு) விடுவது நார்அட்ரினலின் என்ற ரசாயனம். அது குழாயை இறுக்கும். நாய், பூனைக்குத் தசைக்குழாயை விரிக்கிற தனி நரம்பு உண்டு, மனிதத் தசையில் அப்படி ஒன்றை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. உடற்பயிற்சி கடுமையாகும்போது இந்த இறுக்கும் சமிக்ஞை கூடத்தான் செய்கிறது. வேலை செய்கிற தசைக்குப் போகிற நரம்பிலும் கூடுகிறது.

அப்போது திறப்பது யார்? தசையே. சுருங்கி விரிகிற தசையிலிருந்து பொட்டாசியம், அடினோசின் எல்லாம் வெளியே வரும். குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு விடும். ஆக்சிஜனை இறக்கிய சிவப்பணுவே ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைக் கசியவிடும். எல்லாமே குழாயை விரிப்பவை. இவற்றில் ஒன்றை மருந்து கொடுத்துத் தடுத்தால் மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகின்றன. அதனால்தான் "இதுதான் காரணம்" என்று ஒரே பொருளைக் கைகாட்ட யாராலும் முடியவில்லை.

பரந்தாமன்_ஐசிஎஃப்

சார், இது எனக்குச் செரிக்கவில்லை. வேலை செய்கிற இடத்துக்கு ரத்தம் வேண்டும் என்று தசை குழாயைத் திறக்கிறது. அதே இடத்தில் நரம்பு வந்து இறுக்குகிறது. எங்கள் ஷாப்பில் இப்படி ஒரு டிசைனைக் கொண்டுபோய் வைத்தால் டிராயிங்கைக் கிழித்துப் போடுவார்கள். ஒன்றையொன்று எதிர்க்கிற இரண்டு ஏற்பாடு எதற்கு?

பழைய_லேப்காரன்

> ஒன்றையொன்று எதிர்க்கிற இரண்டு ஏற்பாடு எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளுகிறது. உடம்பில் உள்ள எல்லாத் தசைக்கும் சேர்த்துப் போவது அதில் ஒரு லிட்டர்தான். முழு மூச்சில் ஓடும்போது இதயம் 20, 25 லிட்டர் தள்ளும், அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைக்கு.

இப்போது 1985-க்கு வாருங்கள். கோபன்ஹேகனில் ஆண்டர்சன், சால்டின் என்ற இருவர் ஒரு காலின் முன்தொடைத் தசையை மட்டும் தனியாக வேலை செய்ய வைத்து, அதற்குள் போகிற ரத்தத்தை அளந்தார்கள். ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.5 லிட்டர்! அதுவரை யாரும் நினைத்திராத அளவு. ஒரு ஆளுக்கு 30 கிலோ தசை என்று வையுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்தால் 75 லிட்டர் வேண்டும். உலகத்தரமான நெடுந்தூர ஓட்டக்காரனுக்கே இதயம் 40 லிட்டர் பக்கம் போய் நின்றுவிடும்.

காலையில் நம் தெருவில் மெட்ரோ வாட்டர் வருகிற நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டு வராது. உடம்பில் அந்தக் கடைசி வீடு மூளை. பிரஷர் விழுந்தால் முதலில் கண் இருட்டுவது அங்கேதான். ஆகவே நரம்பு பார்த்துக்கொள்வது பிரஷரை. தசைக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தசை பார்த்துக்கொள்கிறது. இரண்டும் மோதுவதில்தான் கணக்கு சரியாகிறது.

1977-இல் செக்கர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதை நேரடியாகவே காட்டினார்கள். ஆளைக் காலால் சைக்கிள் மிதிக்க வைத்து, நடுவில் கையாலும் சுழற்றச் சொன்னார்கள். கைவேலை சேர்ந்ததும் காலுக்குப் போகிற ரத்தம் குறைந்தது. கால் மிதிப்பதை நிறுத்தவே இல்லை, ரத்தம் மட்டும் குறைந்தது. அங்கே இறுக்கியது நரம்பு.

டீக்கடை_தண்டையார்பேட்டை

மெட்ரோ வாட்டர் முதலில் வரட்டும் சார், பிறகு மோட்டார் போடுவதைப் பற்றிப் பேசலாம்.

வியாசை_விங்பேக்

சரி, தசை தானே திறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விசிலுக்கு முன் நெஞ்சு அடிக்கிறதே, அதற்கு என்ன பதில்? அப்போது தசையில் பொட்டாசியமும் இல்லை, ஒன்றும் இல்லை.

பழைய_லேப்காரன்

விசிலுக்கு முன் அடிப்பது கொஞ்சம் பதற்றமும்தான். ஆனால் நீங்கள் தொட்டிருப்பது பெரிய விஷயம். 1913-இல் க்ரோக், லிண்ட்ஹார்ட் என்ற டென்மார்க்காரர்கள், வேலை தொடங்கிய அதே நொடியில் மூச்சும் இதயத் துடிப்பும் தாவுகின்றன என்று எழுதினார்கள். தசையிலிருந்து கழிவு கிளம்பி ரத்தத்தில் கலந்து மூளையை எட்ட அது போதாத நேரம். ஆகவே தசைக்கு "சுருங்கு" என்று கட்டளை அனுப்புகிற மூளை, அதன் நகலை முகுளத்தில் உள்ள இதய, ரத்தக்குழாய் மையத்துக்கும் அனுப்புகிறது என்றார்கள். முதலில் நடப்பது, இதயத்தை மெதுவாக்கி வைத்திருக்கிற வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்துவது. துடிப்பு சுமார் 100 வரை ஏறுவதற்கு அதுவே போதும். அதற்கு மேல்தான் பரிவு நரம்பின் வேலை.

1972-இல் குட்வின், மெக்க்ளோஸ்கி, மிட்செல் மூவரும் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கைத்தசையின் தசைநாணில் அதிர்வுக் கருவியை வைத்தார்கள். அதிர்வு வைத்தால் தண்டுவட அனிச்சையே பாதி வேலையைச் செய்துவிடும், அதே விசைக்கு மூளை குறைவாகக் கட்டளை கொடுத்தால் போதும். அப்போது பிரஷரும் துடிப்பும் குறைவாக ஏறின. எதிர்த்தசையில் அதிர்வை வைத்தால் அதே விசைக்கு மூளை அதிகம் கட்டளையிட வேண்டும், அப்போது அதிகமாக ஏறின. தசை செய்த வேலை இரண்டிலும் ஒன்றே.

ஆனால் கவனியுங்கள், அந்தக் கட்டளை மாற்றியது இதயத்தையும் பிரஷரையும். "இந்தக் காலுக்குக் குழாயைத் திற" என்று அது சொல்லவில்லை.

கதிர்_காசிமேடு

சார், எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் என் கர்லா எங்கே போனது? ஓடும்போதும் மூளை கட்டளை கொடுக்கிறது, கர்லாவுக்கும் கொடுக்கிறது. கீழ் எண் ஏன் ஒன்றில் மட்டும் ஏறுகிறது?

பழைய_லேப்காரன்

அங்கேதான் வருகிறேன். முதல் வருட எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு ஒரு பிராக்டிகல் உண்டு. கையில் பிடியின் பலத்தை அளக்கிற டைனமோமீட்டரைக் கொடுத்து, முழு பலத்தோடு ஒருமுறை அழுத்தச் சொல்வோம். முள் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதில் 30 சதவீதத்தைக் கணக்குப் போட்டு இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோட்டில் முள்ளை அசையாமல் பிடிக்க வேண்டும், ஐந்து நிமிடம் வரை. மறு கையில் பாதரச மிஷின். முதல் நிமிடத்தில் பையன் சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனோடு பேசுவான். இரண்டாவது நிமிடத்தில் பேச்சு நிற்கும். மூன்றாவதில் தோள் மேலே ஏறும், உதடு உள்ளே போகும், முள் நடுங்கும். பாதரசத்தில் கீழ் எண் குறைந்தது 16 மில்லிமீட்டர் ஏறினால் பரிவு நரம்பு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். 10-க்குக் கீழே நின்றால் சந்தேகம். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்குத் தன்னியக்க நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க இதே சோதனைதான். நீ கர்லாவில் செய்ததும் இதுவேதான் தம்பி, கருவி மட்டும் வேறு.

அசையாமல் இறுக்கிப் பிடித்த தசை, தன் உள்ளே ஓடுகிற குழாயைத் தானே நெரித்துக்கொள்ளும். ரத்தம் உள்ளே வர இடமில்லை, கழிவு கழுவிப் போகவும் வழியில்லை. ஹைட்ரஜன் அயனி, லாக்டேட், ஏ.டி.பி. எல்லாம் அங்கேயே தேங்கும். தசைக்குள் மெல்லிய உணர்நரம்பு இழைகள் இருக்கின்றன, அவற்றில் மூன்றாம் வகை பெரும்பாலும் இழுவிசையையும் அழுத்தத்தையும் உணரும், நான்காம் வகை பெரும்பாலும் இந்தத் தேங்கிய ரசாயனத்தை உணரும். நான்காம் வகை முகுளத்துக்குத் தகவல் அனுப்பியதும், அது உடம்பு முழுக்கக் குழாய்களை இறுக்கிப் பிரஷரை ஏற்றும். நெரிபட்ட தசைக்குள் எப்படியாவது ரத்தத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஓடும்போது கால் சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு விரிதலிலும் ரத்தம் உள்ளே பாய்கிறது, ஒவ்வொரு சுருக்கமும் சிரை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இரண்டு காலிலும் அத்தனை பெரிய தசைக்கூட்டம் குழாயை விரித்து வைத்திருக்கிறது, ஆகவே ரத்த ஓட்டத்துக்குக் குழாய்கள் தருகிற மொத்தத் தடை விழுகிறது, கீழ் எண் ஏறுவதில்லை. கர்லா பிடித்த கையில் வேலை செய்வது ஒரு பிடித் தசை. அது விரித்தாலும் மொத்தத் தடையில் ஒன்றும் தெரியாது. மற்ற இடமெல்லாம் இறுக்கம்தான் மிச்சம். கர்லாவை நிற்காமல் சுற்றினால் இந்த அளவு ஏறாது, பிடித்து நின்றதுதான் விஷயம். இருந்தாலும் கைவேலையில், கால் இழுக்கிற அதே அளவு ஆக்சிஜனுக்குப் பிரஷரும் துடிப்பும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

இதற்கு ஆதாரம் 1937-இலேயே வந்துவிட்டது. கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர், ஆளை உடற்பயிற்சி செய்ய வைத்து, முடிகிற நேரத்தில் அந்தக் கை அல்லது காலின் மேல் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். வேலை நின்றுவிட்டது, மூளையின் கட்டளையும் நின்றுவிட்டது. ஆனால் பிரஷர் முழுதாக இறங்கவில்லை, மேலேயே நின்றது. பட்டையைத் தளர்த்திக் கழிவு கழுவிப் போனதும்தான் இறங்கியது. எவ்வளவு எளிமையான சோதனை! ஊசி இல்லை, கத்தி இல்லை.

இழைக்_காப்பாளர்

படித்துவிட்டு யாரும் வீட்டில் பட்டையை இறுக்கிக் கட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். குறிப்பாக பி.பி., சர்க்கரை உள்ளவர்கள். நன்றி.

பரந்தாமன்_ஐசிஎஃப்

சார், நரம்பில் சமிக்ஞை கூடுகிறது, கூடுகிறது என்கிறீர்கள். பார்த்தது யார்? பிரஷரை வைத்து ஊகிப்பதா, நரம்பையே அளந்திருக்கிறார்களா?

பழைய_லேப்காரன்

நரம்பையே. ஸ்வீடனில் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர் 1968-இல், விழித்திருக்கிற மனிதனின் நரம்புக்குள் மெல்லிய டங்ஸ்டன் ஊசியை நுழைத்து, தசைக்குப் போகிற பரிவு நரம்பின் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். பிறகு அதே முறையில் பார்த்தபோது, கையால் இறுக்கிப் பிடிக்கும்போது சும்மா இருக்கிற காலின் நரம்பில் சமிக்ஞை உடனே ஏறவில்லை, சுமார் ஒரு நிமிடம் கழித்தே ஏறத் தொடங்கியது. இதயத் துடிப்போ உடனே ஏறிவிட்டது. ஆலம், ஸ்மர்க் மாதிரி பட்டையைக் கட்டிக் கையைத் தளர்த்தியதும் துடிப்பு இறங்கிவிட்டது, நரம்புச் சமிக்ஞை மட்டும் இறங்கவில்லை. துடிப்பை ஏற்றியது பெரும்பாலும் மூளைக் கட்டளை, குழாயை இறுக்கியது தேங்கிய ரசாயனம் என்று இரண்டும் கண்ணெதிரே பிரிந்துவிட்டன.

சுகந்தி_பிசியோ

பெரம்பூர் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். லேப்காரர் ஐயா இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது, பரந்தாமன் சாரின் முதல் கேள்விக்கும் பாதி பதில் அதில் இருக்கிறது.

இறுக்கும் சமிக்ஞை எல்லா இடத்துக்கும் போகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. வேலை செய்கிற தசையில் அது மழுங்கிவிடுகிறது. 1962-இல் ரெமன்ஸ்னைடர், மிட்செல், சார்னாஃப் மூவரும் நாயில் இதைக் காட்டினார்கள். பரிவு நரம்பைத் தூண்டினால் ஓய்வில் இருக்கிற தசையில் ரத்தம் நன்றாகக் குறைந்தது, சுருங்கிக்கொண்டிருந்த தசையில் அந்த அளவு குறையவில்லை. ஆகவே எந்தத் தசை வேலை செய்கிறது, எதற்கு எவ்வளவு ரத்தம் என்று நரம்பு தெரிந்து வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்கெல்லாம் ஒரே உத்தரவு போடுகிறது. உழைக்கிற தசை அதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடியோடு மறுப்பதும் இல்லை, ஐயா சொன்ன 1977 சோதனை அதற்குச் சாட்சி.

இந்த மழுங்கடிக்கிற வேலையில் தசைநாரே தயாரிக்கிற நைட்ரிக் ஆக்சைடுக்கும் பங்கு உண்டு. டுஷேன் தசைச்சிதைவு என்ற பிறவி நோய் உள்ள பையன்களுக்குத் தசையில் அதைத் தயாரிக்கிற நொதி அதன் இடத்தில் இருக்காது. உழைக்கும் தசையிலும் நரம்பின் இறுக்கம் அப்படியே விழுகிறது, தசை மூச்சுத் திணறுகிறது என்று 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்களிடம் வருகிற அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் "கொஞ்சம் நடந்தாலே சோர்ந்து போகிறான், சோம்பேறியா?" என்று கேட்பார்கள். இல்லை அம்மா, தசைநார் நலிவது ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். வயதானவர்களுக்கும், பி.பி. உள்ளவர்களுக்கும் இந்த மழுங்கடிப்பு குறைந்துதான் இருக்கிறது.

வியாசை_விங்பேக்

அந்த உணர்நரம்பைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? வலியே தெரியாமல் 90 நிமிடம் ஓடலாமா? 😄

பழைய_லேப்காரன்

செய்து பார்த்துவிட்டார்கள். அமான் என்பவரின் குழு, சைக்கிள் வீரர்களுக்கு முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் ஃபென்டனில் என்ற வலிநீக்கி மருந்தைச் செலுத்தி, காலிலிருந்து மேலே போகிற அந்த மெல்லிய இழைகளை மட்டும் மந்தப்படுத்தியது. தசையின் பலம் குறையவில்லை. 5 கிலோமீட்டர் பந்தயம். தொடக்கத்தில் ஆட்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள், பிற்பாதியில் வேகம் விழுந்தது. மொத்த நேரத்தில் லாபமில்லை. முடிந்தபோது சிலரால் துணையில்லாமல் நடக்கவே முடியவில்லை. 2009-இல் வெளியானது இது. இதே குழு வேறு சோதனைகளில் பார்த்தபோது, அந்த இழைகளைத் தடுத்தால் பிரஷரும் மூச்சும் தேவையான அளவு ஏறவில்லை. நாம் திட்டுகிற அந்த எரிச்சல்தான் காலுக்கு ரத்தம் வரவழைக்கிறது.

கதிர்_காசிமேடு

அப்பா விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன் சுகந்தி அக்கா. கூடையைத் தூக்கித் தலையில் வைக்கிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். மாத்திரை தவறுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமா?

சுகந்தி_பிசியோ

மூச்சைப் பிடிப்பதுதான் எனக்கும் கவலை கதிர். மூச்சைப் பிடித்து முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறும், அது நேராகப் பிரஷரில் கூடும், தசையில் தேங்கிய ரசாயனத்தால் ஏறுவது தனி. 1985-இல் கனடாவில் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் பளு தள்ளியபோது சராசரியாக 320/250 காட்டியது. இளவயது, நல்ல உடம்பு, சில நொடிகள்தான், தாங்கினார்கள். உங்கள் அப்பா அந்த எண்ணுக்குப் போக மாட்டார், ஆனால் அவர் குழாய்கள் அந்தப் பையன்களுடையதும் இல்லை.

தூக்கும்போது வாயால் ஊதிக்கொண்டே தூக்கச் சொல்லுங்கள். கூடையை இடுப்பருகே பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள், அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், உங்கள் கர்லாவும் அதுவும் ஒன்றுதான். தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டால் கால் வேலை செய்யும், அது பரவாயில்லை. டாக்டரிடம் "பி.பி. இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், கூடை தூக்குகிற வேலை என்றும் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை அவரே கூட்டக் குறைக்க வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், மிதமான பலத்தில் கைப்பிடியை அழுத்திப் பிடிக்கிற பயிற்சியை வாரக்கணக்கில் செய்தால் ஓய்வு நேரத்துப் பிரஷர் குறைகிறது என்றும் ஆய்வுகள் இருக்கின்றன. பிடிக்கும்போது ஏற்றுகிற அதே வேலை. டாக்டர் சொல்லாமல் அப்பாவுக்கு அதைத் தொடங்கிவிடாதீர்கள்.

வியாசை_விங்பேக்

கடைசிக் கேள்வி. மே மாதம் மதிய மேட்சில் எங்கள் ஸ்டாப்பர், விசில் அடித்து முடிந்ததும் நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டான். 90 நிமிடம் ஓடியவன், நின்றதும் ஏன் விழ வேண்டும்?

பழைய_லேப்காரன்

நின்றதால்தான். கால் குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கின்றன, அவை மூட நேரம் எடுக்கும். சிரை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கால் தசை நின்றுவிட்டது. மூளைக் கட்டளையும் விசிலோடு நின்றுபோனது. போதாக்குறைக்கு மே வெயில். உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கு மட்டும் நிமிடத்துக்குப் பல லிட்டர் ரத்தம் போய்க்கொண்டிருக்கும், வியர்வையில் நீரும் போயிருக்கும். இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைகிறது, பிரஷர் விழுகிறது, கண் இருட்டுகிறது.

விசில் அடித்ததும் கோட்டோரமாக ஐந்து நிமிடமாவது நடக்கச் சொல்லுங்கள். யாராவது சரிந்தால் கைத்தாங்கலாக நிற்க வைக்காதீர்கள், நம் ஆட்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள். நிழலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். சில நிமிடத்தில் தெளியவில்லை, அல்லது உளறுகிறான், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெறும் மயக்கம் இல்லை. தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.